வைத்தியர் செவிசாய்க்கும்படி நோயைச் சொல்லுவது எப்படி?

நமது கூட்டுறவுச் சங்கங்களில் நூல் வரவு, துணி வரவு, கூலிப் பட்டுவாடா ஆகிய யாவும் நாள் தவறாது கணக்கில் ஏறி வருகின்றன. ஒரு சிட்டம் நூல் குறைந்தாலும் காரணம் கேட்கிறோம். தக்க காரணம் கிடைக்கும்வரை விடுவதில்லை. விவசாயக் கடன் சங்கங்களிலும் அவ்வாறே. ஆயின், அந்த நூலை நெய்கிற கைகளும், அந்த நிலத்தில் நடக்கிற கால்களும் மாதாமாதம் வலுவிழந்து வந்தால் அதற்குக் காரணம் கேட்பவர் யார்? கேட்க முன்வந்தாலும், வைத்தியர் அதனைப் பொருட்படுத்தும்படி எடுத்துச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கிறதா? இவ்விரு கேள்விகளையும் அங்கத்தினர்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறோம்.

அண்மையில் நமது கவனத்திற்கு வந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுவோம். பருத்திச் சேலை நெய்யும் சங்கம் ஒன்றின் அங்கத்தினர் அந்த அம்மையார், வயது 42. கணவர் ஒரு தறியிலும் இவர் மற்றொரு தறியிலும் நெய்வது வழக்கம். மாதம் 12 சேலை தவறாது சங்கத்தில் ஒப்படைத்து வந்தவர், ஓராண்டுக் காலத்தில் படிப்படியாகத் தளர்ந்தார். விடியலில் எழும்போதே உடம்பு கல்லாய்க் கனத்தது. மார்கழி, தை கழிந்து வெயில் ஏறிய பின்னும் அவருக்குக் குளிர் விடவில்லை. மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்க இவர் போர்த்திக்கொண்டிருந்தார். உண்பது குறைந்தும் எடை ஏறிற்று. தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. மலச்சிக்கல் நீங்கவில்லை. இரவில் விரல்கள் மரத்து, விழித்துக்கொண்டு கையை உதறுவார். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிவதற்கே முன்னைப்போல் இருமடங்கு நேரம் பிடித்தது.

அவர் வைத்தியரிடம் போகாமல் இல்லை; மூன்று தடவை போனார். முதல் தடவை, "தறியில் உட்கார்ந்தால் கை மரக்கத்தான் செய்யும் அம்மா, வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டதல்லவா?" என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார் வைத்தியர். இரண்டாம் தடவை வலிக்குத் தைலம் கிடைத்தது. மூன்றாம் தடவை, "வீட்டுக் கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற புத்திமதியும், தூக்கத்திற்கு மாத்திரையும் கிடைத்தன. ஒவ்வொரு தடவையும், "சரிங்க ஐயா" என்று கூறிவிட்டு அவர் வீடு திரும்பினார். இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சு ஒரு தடவையும் எழவில்லை.

இதில் வைத்தியரை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. கணவரும், "நெசவாளிக்குக் கை மரப்பது புதிதா?" என்றே கேட்டார். அக்கம்பக்கத்தாரும், "இந்த வயதில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்றனர். தொழில் செய்து பிழைப்போரின் உடம்பில் எந்தக் குறை தோன்றினாலும் அதைத் தொழிலின் மேல் போட்டுவிடுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். தறி ஒரு காரணமாயிருக்கலாம். வயலும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் காரணம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே அதுதான் உண்மைக் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது கணக்கறிந்தோர் செய்யும் காரியமன்று.

அந்த அம்மையாரின் குறிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தால், அவை தைராய்டு சுரப்பியின் குறைபாட்டைச் சுட்டக்கூடியவை என்பது விளங்கும். இச்சுரப்பி கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல் அமைந்துள்ளது. இது சுரக்கும் நீர் இரத்தத்தில் கலந்து, உடம்பின் சகல உறுப்புகளும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. சுரப்பு குறைந்தால் உடம்பு முழுவதும் மந்தமாகிறது: களைப்பு, குளிர் தாங்காமை, தோல் வறட்சி, மலச்சிக்கல், முகவீக்கம், குரல் கரகரப்பு, நாடித்துடிப்புக் குறைவு, மறதி, மனச்சோர்வு, பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகப் போக்கு ஆகியவை தோன்றுகின்றன. மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போவதும் இந்நோயில் காணப்படுவதே. நெசவாளிக்குத் தொழிலாலும் கை மரக்கலாம், இந்நோயாலும் மரக்கலாம், இரண்டும் சேர்ந்தும் மரக்கலாம்.

சுரப்பு மிகுந்தாலோ உடம்பு தறிகெட்டு ஓடுகிறது. நன்றாக உண்டும் எடை குறையும், நெஞ்சு படபடக்கும், வியர்வை பெருகும், வெப்பம் தாங்காது, தூக்கம் வராது, விரல்கள் நடுங்கும். நுண்ணிய நூலை அச்சில் பிணைப்பவருக்கு இந்த நடுக்கமே முதல் அடையாளமாகத் தெரியவரலாம். இதையும், "பதற்றக்காரர்" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு.

இந்நோய் அரிதானதன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் பெரியவர்களிடையே நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்ததாகக் கண்டனர். அவர்களில் ஒரு பகுதியினர், அந்தப் பரிசோதனை செய்யும்வரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. நகரத்துக் கணக்கு அப்படியே கிராமத்திற்குப் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. எனினும் நமது சங்கங்களிலும் இத்தகையோர் இருப்பர் என்பதில் ஐயமில்லை.

புதிதாகக் கண்டுபிடித்த நோயும் அன்று இது. 1873இலேயே லண்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்களிடம் தோன்றும் இந்த மந்தநிலையை விவரித்து எழுதினார். 1891இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் வைத்தியர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசிவழிச் செலுத்தினார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். இன்றோ சிறிய மாத்திரை ஒன்று அவ்வேலையைச் செய்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக அறியப்பட்டதும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சிகிச்சை உள்ளதுமான நோயை, ஒரு தாய் வயதின் பெயரால் ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிவது நியாயமாகுமா?

அப்படியானால் வைத்தியர்கள் ஏன் அலட்சியம் செய்கிறார்கள்? இதையும் நடுநிலையோடு ஆராய வேண்டும். மேலே கூறிய குறிகளில் இந்நோய்க்கே உரித்தானது என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. களைப்பு இரத்தசோகையாலும் வரும், நீரிழிவாலும் வரும், உறக்கக் குறைவாலும், உண்மையான மனத்துயராலும் வரும். ஆஸ்பத்திரி வாசலில் நூறு பேர் காத்திருக்க, ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே ஒதுக்கக்கூடிய வைத்தியர், "களைப்பு" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டால் எளிய காரணத்தையே முதலில் நினைப்பார். முதல் தடவை அவ்வாறு நினைத்ததைப் பெரும் பிழை என்று நாம் கூறமாட்டோம். மூன்றாம் தடவையும் அதே குறையோடு அதே மனிதர் வந்து நிற்கும்போது, தமது முதல் நினைப்பை மறுபடி சோதித்துப் பார்க்காததே பிழை. அவ்வாறு சோதிக்க அவரைத் தூண்டுவது நோயாளியின் உரிமை. அதைச் செய்யும் முறையைக் கற்றுக்கொள்வது நமது கடமை.

அந்த அம்மையார் தம் குறையை எவ்வாறு சொன்னார் என்று விசாரித்தோம். முதல் தடவை கைவலியை மட்டும் சொன்னார். இரண்டாம் தடவை முதுகுவலியையும் சேர்த்தார். மூன்றாம் தடவை தூக்கம் சரியில்லை என்றார். குளிர், மலச்சிக்கல், மயிர் உதிர்தல் ஆகியவற்றை, "இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வது?" என்று விட்டுவிட்டார். மாதவிலக்கில் ஏற்பட்ட அதிகப் போக்கை ஆண் வைத்தியரிடம் சொல்ல நாணி மறைத்தார். ஆக, வைத்தியர் கண்டது மூன்று தனித்தனி இழைகளை. துணியை அவர் காணவேயில்லை.

இந்த நிலையை மாற்றியவர் சங்கத்தில் கணக்கெழுதும் இளம்பெண். உறவில் அந்த அம்மையாருக்கு நாத்தனார் மகள். "அத்தை, வாயால் சொன்னது மூன்று தடவையும் போதவில்லை, இந்தத் தடவை கணக்கைக் காட்டுவோம்" என்றார் அவர். சங்கப் பாஸ் புத்தகத்தைப் புரட்டினார்கள். மாதம் 12 சேலை என்றிருந்தது 11 ஆகி, 9 ஆகி, 7 ஆகி, கடைசி இரண்டு மாதங்களில் 5 ஆகக் குறைந்திருந்தது. அந்த எண்களை ஒரு தாளில் தேதியோடு எழுதினார்கள். அதன் கீழே, எந்தக் குறை எந்த மாதம் தொடங்கியது என்பதையும், எடை எவ்வளவு ஏறியது என்பதையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளையும் எழுதினார்கள். நாணத்தால் சொல்லாமல் விட்டதும் அதில் இடம்பெற்றது. குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா என்று யோசித்தபோது, அம்மையாரின் அக்காள் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருவது நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினார்கள். எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம்.

நான்காம் தடவை அத்தையும் மருமகளுமாகச் சென்று, அதே வைத்தியரிடம் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். அவர் அதை இருமுறை படித்தார். நாடியைப் பார்த்தார், கழுத்தைத் தடவி, எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்த்தார், பின் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.எச். அளவு 68 என்று வந்தது. வழக்கமாக அது சுமார் 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. வைத்தியர் அதே, நோயாளியும் அதே. மாறியது, சொன்ன முறை ஒன்றே.

டி.எஸ்.எச். என்பது என்னவென்று அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். சங்கத்திற்குத் துணி வந்து சேராவிட்டால் காரியதரிசி மேலும் மேலும் கடிதம் அனுப்புவார் அல்லவா? அதுபோல், தைராய்டு வேலை செய்யாதபோது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதனை விரட்டி அனுப்பும் கடிதமே டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பு குறையக் குறைய இந்த அளவு ஏறும். சுரப்பு மிகுந்தால் இது இறங்கிவிடும். ஆகவே முதற்பரிசோதனையாக இதையே செய்கின்றனர். தேவையானால் டி-4 என்னும் அளவையும் பார்க்கின்றனர். மிக அரிதாகக் கடிதம் அனுப்பும் பிட்யூட்டரியே பழுதுபடுவதுண்டு, அப்போது டி.எஸ்.எச். மட்டும் உண்மையைக் காட்டாது. தலைமயிருக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுவோர் அதனைப் பரிசோதனைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அது முடிவைத் திரித்துக் காட்டக்கூடும்.

இனி, நமது அங்கத்தினர்கள் கடைப்பிடிக்கத்தக்கவை என்று நாம் கருதுவனவற்றைக் கூறுவோம்.

முதலாவது, எழுதிக்கொண்டு போவது. எழுதத் தெரியாதவர் பிள்ளைகளைக் கொண்டு எழுதலாம். அரைப் பக்கத்திற்கு மேல் வேண்டாம். உங்களை மிகவும் வருத்தும் குறையை முதல் வரியில் எழுதுங்கள். "மிகவும் களைப்பு" என்பதைக் காட்டிலும், "முன்பு ஒரே மூச்சில் இரண்டு பாத்தி களையெடுத்தேன், இப்போது அரைப் பாத்தியில் உட்கார்ந்துவிடுகிறேன்" என்பது வைத்தியருக்கு நன்கு விளங்கும். நெசவாளிக்குச் சேலைக் கணக்கு. விவசாயிக்கு வேலைக் கணக்கு. பொய்யும் வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம், உள்ளபடி எழுதினாலே போதும்.

இரண்டாவது, மறைக்காமல் சொல்வது. மாதவிலக்கு, கருச்சிதைவு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வந்த மாறுதல், மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவை நாணுவதற்குரியவை அல்ல, நோயறியும் தடயங்கள். வாயால் சொல்லக் கூச்சமாயின் தாளில் எழுதி நீட்டலாம். பெண் வைத்தியரை நாடலாம். தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் அவசியம் கூற வேண்டும். கழுத்தில் முன்பு செய்துகொண்ட அறுவை, கதிர்ச் சிகிச்சை, மனநோய்க்கோ இதயத்துக்கோ நெடுநாளாகச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றையும் கூற வேண்டும்; லித்தியம், அமியோடரோன் முதலிய மருந்துகள் தைராய்டைப் பாதிக்கக்கூடியவை.

மூன்றாவது, பணிவோடும் தெளிவோடும் கேட்பது. "எனக்குத் தைராய்டு, மாத்திரை கொடுங்கள்" என்று போய் நிற்பது முறையன்று. "ஐயா, இந்தக் குறிகளெல்லாம் ஒன்றாக வந்திருக்கின்றன. தைராய்டாக இருக்குமோ என்று அஞ்சுகிறோம். இரத்தம் பார்த்துத் தெளியலாமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் சினம் கொள்ளும் வைத்தியர் சிலரே. வேண்டாம் என்று அவர் சொன்னால், "அப்படியானால் வேறு எதனால் என்று தாங்கள் கருதுகிறீர்கள்? எத்தனை நாளில் குணம் தெரியவேண்டும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன பார்ப்போம்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைச் சீட்டில் குறித்துத் தரும்படியும் வேண்டிக்கொள்ளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் வைத்தியர் உங்களை அலட்சியம் செய்யவில்லை. அவர் சொன்ன நாள்வரை பொறுத்திருந்து, குணமில்லையேல் அதே சீட்டோடு திரும்பிச் செல்லுங்கள்.

நான்காவது, துணையோடு போவது. உறவினரோ, சங்கத்துச் சகோதரியோ உடனிருந்தால் மறந்ததை நினைவூட்டுவார், சொன்னதைக் கேட்டுவைப்பார். தனியே சென்றவர், "சரிங்க ஐயா" என்று எழுந்துவிடுகிற இடத்தில், துணையாய்ச் சென்றவர் இன்னொரு கேள்வி கேட்பார்.

ஐந்தாவது, வேறு வைத்தியரை நாடுவது. இத்தனையும் செய்தும் பயனில்லையாயின் மற்றொருவரிடம் போவது துரோகமன்று. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் இரண்டாம் வைத்தியரின் கருத்தைப் பெறும் உரிமையும் இடம்பெற்றுள்ளது. பழைய சீட்டுகளையும் பரிசோதனைத் தாள்களையும் எறிந்துவிடாமல், நிலப் பத்திரம்போல் ஓர் உறையில் போட்டு வைத்திருங்கள். கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, விழுங்குவது கடினமானாலோ, குரல் மாறி வாரக்கணக்கில் தேறாவிட்டாலோ காலம் தாழ்த்தலாகாது. கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பம் தரிக்க விரும்புவோருக்கும் இது மேலும் அவசரமானது. தாயின் தைராய்டுக் குறை குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும்.

இவ்வளவு சொன்ன நாம், மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நடுநிலை தவறியவராவோம். பரிசோதனையில் அளவு சரியாக இருக்கலாம். அப்போது, "இந்தப் பரிசோதனை பொய், எனக்குத் தைராய்டேதான்" என்று பிடிவாதம் செய்யலாகாது. கேட்டது உண்மையை அறிவதற்காகவே அன்றி, நாம் எண்ணியதை மெய்ப்பிப்பதற்காக அன்று. இரத்தசோகை, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று அடுத்த காரணத்தைத் தேடும்படி வைத்தியரை வேண்ட வேண்டும். தைராய்டு இல்லை என்று தெரிவதால் களைப்பு பொய்யாகிவிடாது. அளவு சற்றே ஏறி 4க்கும் 10க்கும் இடையில் இருந்தால், சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்து, வயதையும் குறிகளையும் கருதியே பலருக்குச் சிகிச்சை முடிவு செய்வர். அத்தகையோரை உடனே மாத்திரைக்கு உட்படுத்தாத வைத்தியர் அலட்சியக்காரர் அல்லர், பொறுப்பறிந்தவர்.

அக்கம்பக்கத்தார் சாப்பிடும் மாத்திரையை வாங்கித் தாமே விழுங்குவது பெருந்தவறு. அளவு மிஞ்சினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு நலியும். சோற்றில் அயோடின் உப்பு சேர்ப்பது நல்லதே. நமது நாட்டில் கழுத்துவீக்க நோயைத் தடுக்க 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் உப்பின் மூலமாகவே நடந்தது. வெறும் கல்லுப்பையே பயன்படுத்தும் வீடுகள் இதைச் சிந்திக்க வேண்டும். ஆயினும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பித் தைராய்டைத் தாக்குவதால் வந்த நோயை உப்பு குணப்படுத்தாது. அயோடினை அளவுக்கு மீறி உண்பதும் கெடுதலே.

நோய் என்று உறுதியாகி மாத்திரை தொடங்கினால், அதை விடியலில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ள வேண்டும். எழுந்ததும் காப்பித் தம்ளரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்போர் பலர். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்து வைத்தியர் அளவைத் திருத்துவார். ஒரு வாரத்தில் தெம்பு வரவில்லையே என்று நிறுத்துவதும், தெம்பு வந்துவிட்டதே என்று நிறுத்துவதும் ஒன்றுபோல் தவறானவை.

இங்கே சங்கத்தின் கடமை என்ன? தனிமனிதரின் உடம்பில் சங்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்த அம்மையாரின் சேலைக் கணக்கு 12இலிருந்து 5 ஆகக் குறைந்ததை முதலில் அறிந்தது எது? சங்கத்தின் பேரேடே. அந்தக் குறைவைக் கண்டு, "நூல் பட்டுவாடாவில் தாமதமா? வேறு வியாபாரிக்கு நெய்கிறாரா?" என்று கேட்கத் தெரிந்த நமக்கு, "உடம்புக்கு என்ன?" என்று கேட்கத் தோன்றவில்லை. ஒருவரின் உற்பத்தி தொடர்ந்து மூன்று மாதம் காரணமின்றிக் குறைந்தால், நிர்வாக சபையைச் சேர்ந்த ஒருவர் அவர் வீட்டிற்குச் சென்று நலம் விசாரிப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். வைத்தியரிடம் போகும் நாளில் துணை அனுப்பலாம். பரிசோதனைச் செலவுக்குச் சிறு முன்பணம் தரலாம். பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை உடல்நலக் குறிப்புக்கென்று ஒதுக்கலாம். அதை அங்கத்தினர் தாமே விரும்பினாலன்றி மற்றவர் பார்க்கலாகாது என்ற விதியோடு. இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை, மனமே தேவை. அடுத்த பொதுச்சபைக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து ஆவன செய்வார்களாக.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தறியோசையிலும் வயல்வெளியிலும் வாழும் எம்மவர் பேச்சில் தேர்ந்தவர் அல்லர். ஒரு குறையை ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்து மற்றதை விழுங்கிவிடுகிறவர்கள். "வேறு என்ன?" என்று நீங்கள் ஒரு தடவை கூடுதலாகக் கேட்டால், ஓராண்டு வேதனை மிச்சமாகும். அதே குறையோடு மூன்றாம் தடவை வருகிறவரைப் பிணி நடிப்பவராகக் கருதாமல், தமது முதல் கணிப்பைச் சரிபார்க்க வந்த சாட்சியாகக் கருதுவீர்களாக.

அந்த அம்மையாருக்கு மாத்திரையின் அளவு இருமுறை திருத்தப்பட்டது. குளிர் முதலில் விட்டது, பின் மலச்சிக்கல், கை மரப்பு மெல்லக் குறைந்தது. ஏறிய எடையில் ஒரு பகுதியே இறங்கிற்று. எட்டாம் மாதம் அவர் சங்கத்தில் ஒப்படைத்தவை 11 சேலைகள். அதைப் பேரேட்டில் பதிந்தவர் அந்த மருமகளே. "ஒன்றுதான் குறைகிறது, அத்தை" என்று அவர் சொல்ல, "அதற்கு எனக்கு வயதாகிவிட்டது" என்று அந்த அம்மையார் சிரித்தாராம். வயதாகிவிட்டது என்பதை அவரே சொல்லலாம். சோதித்துப் பாராத எவரும் அவருக்காகச் சொல்லலாகாது என்பதே நமது துணிபு.